ஓட வேண்டியது, நிற்க வேண்டியது

ஜூலை 8, திங்கள்

இட்லி பாதி வெந்திருக்கும்போது கேஸ் தீர்ந்துவிட்டது. வெறும் காப்பியோடு ஆபீஸ் போனேன்.

தெய்வசிகாமணி சார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எங்கள் முதலாளி. வாழ்நாளில் பாதியைக் கிணற்று மோட்டார் பம்பு செய்வதில் கழித்தவர், இப்போது டயாலிசிஸ் இயந்திரம் செய்கிறார். வழக்கமாக யாரைப் பார்த்தாலும் முதலில் சாப்பிட்டாச்சா என்று கேட்பார். இன்று கேட்கவில்லை.

"அம்மிணி, உடுமலை ஆஸ்பத்திரில நம்ம மிஷினு நடுவால நின்னுபோச்சு."

சனிக்கிழமை மத்தியானம் நடந்திருக்கிறது. ஒரு அம்மாவுக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்து, ரத்தத்தைச் சுற்றும் பம்பு நின்றுவிட்டது. அவர் ரத்தம் உடம்புக்கு வெளியே, குழாய்க்குள் நிற்கிறது. டெக்னீசியன் ஹசீனா என்ற பெண் கைப்பிடியை மாட்டி, பம்பைக் கையாலேயே சுற்றி, ரத்தத்தை உடம்புக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். கொஞ்சம் தாமதித்திருந்தால் குழாயிலேயே உறைந்திருக்கும்.

இயந்திரத்தின் பதிவை இறக்கிப் பார்த்தோம். அதன் மென்பொருளுக்கெல்லாம் அடியில் உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் நடத்துகிற கெர்னல், சாவதற்கு முன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தது. எதிர்பாராத மேப்பிங், நிறுத்தம்.

அந்தக் கெர்னல்தான் என் வேலை. என் வேலையும், பக்கத்து நாற்காலி பிரிட்டோவின் வேலையும். அந்த 'நிறுத்தம்', புரியாதது எதிர்ப்பட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிடு என்கிற சோதனை, பிரிட்டோ வைத்தது.

சாயங்காலம் செருப்பு இறுக்கியது. ஒரு சைஸ் பெரிதாக வாங்க வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

கேஸ் இன்னும் வரவில்லை. தயிர்சாதப் பொட்டலம்.

நாள் முழுக்க அந்தத் தவறை இங்கே வரவழைக்கப் பார்த்தோம். வரவில்லை. இயந்திரத்தை அணைத்துப் போட்டு, ஓட்டி, அணைத்துப் போட்டு, ஓட்டி. நல்ல பிள்ளையாக ஓடுகிறது.

கோவில்பட்டியிலிருந்து ஆவுடை அக்கா பேசினாள். தபால் ஆபீசில் வேலை பார்ப்பவள். என் குரலைக் கேட்டே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னட்டி நின்னுச்சு? தெளிவாச் சொல்லு."

"புரோகிராம் எல்லாம் நெனைவகத்துல ஒரு விலாசம் சொல்லித்தான் எதையும் எடுக்கும், வைக்கும். அந்த விலாசம் நிஜத்துல எங்க இருக்குன்னு கெர்னல்கிட்ட அட்டவணை இருக்கு. அதைத்தான் மேப்பிங்குன்னு சொல்றோம்."

"பின்கோடு, தெரு, கதவு நம்பர். அப்படித்தானே?"

"அப்படியேதான். தெருவுக்குள்ள போனா கதவு நம்பர் வரிசையா இருக்கும்னு நம்பிப் போறோம். போனா அங்க தெருவே இல்ல. வேற என்னமோ இருக்கு."

"தபாலைத் திருப்பிக் கொண்டாந்துர வேண்டியதுதானே."

"எங்க ஆளு தபால் ஆபீசையே பூட்டிட்டான்."

அக்கா சிரித்தாள். பிறகு குரல் மாறியது. "அந்த ஸ்கேனை எடுத்துட்டியா?"

லைன் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னேன்.

ஜூலை 11, வியாழன்

உடுமலை போய் வந்தேன். பொள்ளாச்சி தாண்டியதும் காற்று அடித்த அடியில் பஸ் ஒரு பக்கமாகவே போனது மாதிரி இருந்தது.

சின்ன டிரஸ்ட் ஆஸ்பத்திரி. டயாலிசிஸ் அறையில் நாலு கட்டில். எங்கள் இயந்திரத்தின் மேல் துண்டு போட்டு மூடி ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். செத்தவருக்கு மூடுவது போல. துண்டை எடுத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

ஹசீனாவுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். பேசிக்கொண்டே எல்லாக் கட்டிலையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொள்கிறாள். அன்றைக்கு இயந்திரம் நின்றபோது படுத்திருந்த அம்மா இன்று வேறு கம்பெனி இயந்திரத்தில் படுத்திருந்தார். பாப்பாத்தி அக்கா. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கவர், சார்ஜர் விற்கிற கடை வைத்திருக்கிறார். படுத்தபடியே போனில் யாருக்கோ விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீதான் அந்த மிஷினுக்கு டாக்டரா கண்ணு?"

"டாக்டரெல்லாம் இல்லீங்க்கா. அதோட மூளையைப் பாக்கிற ஆளு."

"மூளைக்கு என்ன கோளாறாம்?"

"தெரியல. அதைப் பாக்கத்தான் வந்தேன்."

"படம் போச்சு. சத்தம் போச்சு. இந்தப் புள்ள கையைப் போட்டுச் சுத்த ஆரம்பிச்சுட்டா. எனக்கு ஒண்ணும் தெரியல, சும்மா படுத்திருக்கேன். ஆனா இவ மூஞ்சியப் பாத்தேன் பாரு. அப்பத்தான் பயந்தேன்."

ஹசீனா குழாயைத் தட்டிப் பார்த்தாள்.

அன்று என்னென்ன செய்தார்கள் என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். காலையில் இயந்திரத்தைப் போட்டால் சாயங்காலம்தான் அணைப்பார்களாம். இரண்டு பேஷன்டுக்கு நடுவில் கழுவுவதோடு சரி. பாப்பாத்தி அக்கா இரண்டாவது.

கிளம்பும்போது ஹசீனா என் காலைப் பார்த்தாள். "அக்கா, கால் வீங்கியிருக்கு."

"பஸ்ல தொங்கப்போட்டு உக்காந்து வந்தது."

"வாங்களேன், பிரஷர் பாத்துரலாம். ஒரு நிமிஷம்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். பஸ் ஸ்டாண்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 12, வெள்ளி

இன்றும் இயந்திரம் இங்கே நிற்கவில்லை. தலைவலி.

ஜூலை 14, ஞாயிறு

சிலிண்டர் வந்தது. தலையணை உறை, போர்வை எல்லாம் துவைத்தேன். மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக இரண்டு இடத்தில் நின்று போக வேண்டியிருந்தது. ஈரத்துணி கனம்.

அக்கா பேசினாள். தூத்துக்குடியில் ஒரு வரன், துறைமுகத்தில் வேலை, நல்ல மனுசங்க. வேண்டாம் என்றேன்.

"ஏம்ட்டி?"

"வேலை இருக்கு."

"எல்லாருக்குந்தான் வேலை இருக்கு. நீ ஏன் வேண்டாங்கேன்னு எனக்குத் தெரியும். நான் போய் எடுத்துக்கிட்டேன்லா? எனக்கு ஒண்ணுமில்லன்னு வந்துச்சுல்லா? உனக்கும் அப்படியே வரலாம். எடுத்தாத்தானே தெரியும்."

"இந்த மிஷின் வேலை முடியட்டும்."

அம்மாவுக்கு அப்போது நாற்பத்தி நாலு. நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். பாளையங்கோட்டையில் வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, இது சிறுநீரகத்தில் கட்டிகட்டியாக வரும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மாவுக்கும் முதலில் கால்தான்

துணி காய்ந்திருக்கும். எடுத்து வர வேண்டும்.

ஜூலை 16, செவ்வாய்

கிடைத்துவிட்டது!

நாங்கள் ஒவ்வொரு சோதனைக்கும் இயந்திரத்தை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அவர்கள் அணைப்பதில்லை. ஹசீனா சொன்னதை நானே எழுதி வைத்திருக்கிறேன், இத்தனை நாள் அதைப் பார்க்கவில்லை. காலையில் போட்டு அப்படியே விட்டோம். நோயாளிக்குப் பதில் ஒரு தண்ணீர்ப் பை. முதல் சுற்று முடிந்து, கழுவி, இரண்டாவது சுற்று. பிரிட்டோ சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். பம்பு சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தால் திரை கறுப்பு. அதே வரி.

இருவரும் கையைத் தட்டிக்கொண்டோம். பிறகு அந்த நின்றுபோன குழாயைப் பார்த்தேன். உள்ளே தண்ணீர்தான். இருந்தாலும் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

ஏன் அப்படி ஆகிறது என்பது இன்னும் தெரியவில்லை. எப்போது என்பது மட்டும் தெரிகிறது.

ஜூலை 17, புதன்

ஈரோட்டிலும் ஒன்று நின்றிருக்கிறது. பேஷன்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏனப்பா பிரிட்டோ, அந்தச் சோதனைய நீ எதுக்கு வெச்சே?"

"சார், அட்டவணைல புரியாத ஒண்ணு இருந்தா, அதுக்கப்புறம் எதையும் நம்ப முடியாது. சந்தேகம்னா நிறுத்திரணும். அதுதான் சேப்டி."

"மோட்டார்ல லேசா சத்தம் வந்தா லைனையே புடுங்கிருவியா? பயிரு காயுமில்ல? இங்க மனுசன் படுத்திருக்கான். பம்பு நிக்கப்படாது. அதை எடுத்துரு."

"எதை சார்?" என்றேன்.

"அந்தச் சோதனைய. அது இல்லீன்னா நிக்காது. அப்படித்தானே?"

"நிக்காதுதான் சார். ஆனா எங்க போகும்னு தெரியாது. கண்ணு தெரியாம அடுத்த வீட்டுக்குள்ள போயி எழுதிட்டு வந்துரும். ரெண்டு நாள் குடுங்க. காரணத்தைக் கண்டுபிடிச்சுர்றேன். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்கெல்லாம் ரெண்டு பேஷன்டுக்கு நடுவுல அணைச்சுப் போடச் சொல்லலாம்."

"நம்ம மிஷினு நடுவுல நிக்கும், அணைச்சுப் போடுங்கன்னு நாமளே போன் பண்ணிச் சொல்றதா? நாளைக்கு ஒருத்தனும் தொடமாட்டான். எத்தனை ஊர்ல இதை நம்பி ஆளு படுத்திருக்கு? மிஷினைத் திருப்பி அனுப்பிட்டா அவங்க எங்க போவாங்க?"

 அவர் பொய்யாகச் சொல்லவில்லை. அது அவருக்கு உண்மையாகவே பயம்.

சோதனையை எடுத்த மென்பொருள் பதிப்பைப் பிரிட்டோ தயார் செய்தான். முகம் கொடுத்துப் பேசவில்லை. உடுமலைக்கும் ஈரோட்டுக்கும் முதலில் போகிறது.

நான் மாடிப்படியில் நின்று ஹசீனாவுக்குப் போன் செய்தேன். ஒவ்வொரு பேஷன்டுக்கும் நடுவில் இயந்திரத்தை முழுசாக அணைத்துப் போடச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. "சரிக்கா. நீங்க பிரஷர் பாத்தீங்களா?" என்றாள்.

ஜூலை 18, வியாழன்

காரணம் தெரிந்துவிட்டது. எவ்வளவு சாதாரணமான காரணம்.

கெர்னல் நினைவகத்தைச் சின்னச் சின்னப் பக்கங்களாகத்தான் பிரித்துக் கொடுக்கும். மே மாதம் நாங்கள் போட்ட புதுக் கெர்னலுக்கு ஒரு கூடுதல் பழக்கம். ஒரு புரோகிராம் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தால், வேகத்துக்காக, அதன் சின்னப் பக்கங்களைச் சத்தமில்லாமல் ஒன்றாக இணைத்து ஒரே பெரிய பக்கமாக்கிவிடும். யாரிடமும் சொல்லாது. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, எல்லோரும் ஒழுங்காகப் பார்த்து நடந்தால்.

சிகிச்சை விவரத்தைப் பதிவு செய்கிற எங்கள் பகுதி அப்படிப் பார்ப்பதில்லை. தெருவுக்குள் கதவு எண் வரிசை இருக்கும் என்று நம்பிப் போகிறது. அங்கே வரிசையாக இருந்த வீடெல்லாம் இடிபட்டு ஒரே பங்களா ஆகிவிட்டது. பிரிட்டோவின் சோதனை அதைக் கண்டுபிடித்து நின்றது. சோதனை இல்லாவிட்டால்? பங்களாவின் சுவரில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே கதவு எண் என்று படித்துக்கொண்டு போகும்.

அந்தச் சுவரில் எழுதியிருப்பது என்ன தெரியுமா? பேஷன்டின் எண்கள்.

சார் திருப்பூர் போய்விட்டார். போனை எடுக்கவில்லை. பதிப்பு நேற்றே போய்ச் சேர்ந்துவிட்டது என்று சர்வீஸ் ஆள் சொன்னார். ஹசீனா நடுவில் அணைத்துப் போடுவாள் என்பது ஒன்றுதான் தைரியம்.

ஜூலை 19, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

காலையிலிருந்து அந்தச் சோதனை இல்லாத பதிப்பை இங்கே ஓடவிட்டோம். வெளியேறுகிற நீரைப் பிடிக்க, கழுவுகிற இடத்திலிருந்து அளவுக்கோடு போட்ட பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தேன். உடம்பிலிருந்து இரண்டு லிட்டர் நீர் எடு என்று கட்டளை. முதல் சுற்றில் எல்லாம் சரி. இரண்டாவது சுற்றிலும் இயந்திரம் நிற்கவில்லை. அழகாக ஓடியது. எந்த மணியும் அடிக்கவில்லை. திரை ஒன்றரை லிட்டர் எடுத்தாயிற்று என்றது.

பக்கெட்டில் மூன்று லிட்டருக்குக் கிட்ட வந்துவிட்டது.

எவ்வளவு எடுக்க வேண்டும் என்ற எண்ணின் மேலேயே பதிவு செய்கிற பகுதி போய் எழுதியிருக்கிறது. திரைக்குத் தனியாக ஒரு பிரதி உண்டு. அதனால் திரைக்கு ஒன்றும் தெரியவில்லை.

சாரைக் கூப்பிட்டு வந்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. திரையைக் காட்டினேன், பக்கெட்டைக் காட்டினேன். தண்ணீரை அளந்தே வாழ்ந்தவர். குனிந்து கோட்டைப் பார்த்தார். நிமிர்ந்து திரையைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். பிறகு அங்கிருந்த அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இது மனுசன் ஒடம்புல இருந்து போற தண்ணியா அம்மிணி?"

"ஆமாங்க சார்."

"உடுமலைல இப்ப ஓடுதா?"

நான் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஈரோட்டுக்குப் பிரிட்டோ பேசினான். அங்கே அன்றைக்கு யாரும் இல்லை, உடனே அணைத்துவிட்டார்கள். உடுமலைக்கு மறுபடி, மறுபடி. கடைசியில் வேறொரு நர்ஸ் எடுத்தாள்.

"ஹசீனா ஐசியூல இருக்காங்க. பாப்பாத்தியம்மாவுக்குத் திடீர்னு கைகால் இழுத்துருச்சு."

ஹசீனா ஏன் நடுவில் அணைத்துப் போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. புதுப் பதிப்பைப் போட வந்த எங்கள் சர்வீஸ் ஆள், கோளாறு சரியாகிவிட்டது, இனி அணைக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூலை 20, சனி

சாரின் காரில் மூவரும் உடுமலை போனோம். 

பாப்பாத்தி அக்கா பிழைத்துக்கொண்டார். கெண்டைக்கால் இழுக்குது என்று சொன்னதுமே ஹசீனா திரையை நம்பாமல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு சலைன் ஏற்றியிருக்கிறாள். அதற்குள் பிரஷர் எங்கேயோ போய்விட்டது. இன்று கண் திறந்து பார்க்கிறார், ஆனால் பேச்சு குழறுகிறது.

அவர் வீட்டுக்காரர் சின்னராசு வராந்தாவில் நின்றிருந்தார். சார் அவரிடம் போய், நான்தான் மிஷின் செஞ்சவன் என்றார். அடி விழும் என்று நினைத்தேன். அவர் சாரை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "போன தடவ நின்னுச்சு. அப்பவாச்சும் நின்னுச்சுன்னு தெரிஞ்சுது," என்றார். அவ்வளவுதான். திரும்பி உள்ளே போய்விட்டார்.

பிரிட்டோ சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். நானும்.

ஹசீனா என்னைக் கையைப் பிடித்து ஒரு அறைக்குள் இழுத்துப்போனாள். கண் சிவந்திருந்தது. என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி அழுத்தினாள். எண்ணைப் பார்த்தாள். இன்னொரு முறை அழுத்தினாள்.

"உங்க வீட்ல யாருக்காச்சும் கிட்னி பிரச்சினை இருக்காக்கா?"

"எங்கம்மாவுக்கு."

"இப்ப எப்படி இருக்காங்க?"

இல்லை என்று தலையசைத்தேன்.  அந்த எண்ணை என் உள்ளங்கையில் பேனாவால் எழுதிவிட்டாள். "மறந்துட்டேன்னு சொல்லக்கூடாது. அந்தம்மா சொல்ற வரைக்கும் நான் திரையில வந்ததை நம்பி ஒருத்தரை இப்படிப் படுக்க வெச்சுட்டேன். உங்களைப் பாத்துட்டுச் சும்மா விடமாட்டேன்."

ஜூலை 22, திங்கள்

சார் காலையிலிருந்து ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் தானே போன் செய்தார். கதவைத் திறந்தே வைத்திருந்தார். எங்க மிஷின்ல தப்பு இருக்குதுங்க. நாங்கதான் பண்ணுனோம். உடுமலைல ஒரு அம்மாவுக்கு ஆபத்தாப் போச்சுங்க. திரும்பத் திரும்ப அதே வார்த்தை. சிலர் கத்தினார்கள். சார் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டார். அரசாங்கத்தில் சொல்ல வேண்டிய இடத்துக்கும் சொல்லிவிட்டார்.

பிரிட்டோவின் சோதனை திரும்ப வந்துவிட்டது. பக்கங்களை இணைக்கிற அந்தப் பழக்கத்தையும் அணைத்து வைத்த பதிப்பு இன்று போகிறது. போடுகிற வரைக்கும் யாரும் இயந்திரத்தைத் தொடக்கூடாது. இது தற்காலிகம்தான். இந்த ஒரு வழியை அடைத்தாயிற்று. நமக்குத் தெரியாத வழிகள் எத்தனை?

ஜூலை 23, செவ்வாய்

உள்ளங்கை எண் இரண்டு முறை குளித்தும் போகவில்லை. நல்ல பேனா.

ஜூலை 26, வெள்ளி

பிரிட்டோவோடு சண்டை. ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

அவன் இன்னும் நிறுத்தத்தில்தான் நிற்கிறான். "சண்பகா, நீயே பாத்தே. தெரியாம ஓடினா என்ன ஆகும்னு. தெரியாத ஒண்ணு வந்தா மொத்தமா நிக்கணும்."

"மொத்தமா நின்னா ஒருத்தர் ரத்தம் குழாய்ல நிக்குது பிரிட்டோ. அதுவும் பாத்தோம்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

"யாருக்குப் புரியலையோ அவங்க மட்டும் நிக்கணும். இது பதிவு எழுதுற வேலை. பதிவு எழுத முடியலைன்னா பதிவு நிக்கட்டும். பம்பு ஏன் நிக்கணும்?"

 அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான். "பூட்டைப் போடாம அட்டவணையைப் பாத்தா, நாம பாத்து முடிக்கிறதுக்குள்ள அது மாறிரும். அதை யோசிச்சியா?"

யோசித்திருக்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காகவே அவனோடு சண்டை போடலாம்.

இப்போது இப்படி எழுதுகிறோம். முதலில் அட்டவணையைப் பூட்டு, யாரும் நடுவில் மாற்றாதபடி. பிறகு என்ன இருக்கிறது என்று பார். சின்னப் பக்கமா, உள்ளே போ. பெரிய பக்கமா, அதற்கு வேறு வழி உண்டு, அப்படிப் போ. இரண்டும் இல்லையா, தொடாதே. ஊகிக்காதே. திருத்தவும் பார்க்காதே. பூட்டை எடுத்துவிட்டு, கேட்டவனுக்கு முடியாது என்று திருப்பிச் சொல். பதிவு செய்கிற பகுதி அதை வாங்கிக்கொண்டு மஞ்சள் விளக்கைப் போடும். சிகிச்சை ஓடும். எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்ற எண்ணை இனி பம்பின் கட்டுப்பாடு தனியாக வைத்துக்கொள்ளும். திரையோடு ஒத்துப் பார்க்கும். அது ஒத்துப்போகாவிட்டால் அப்போது நிற்கும், மணியடித்துவிட்டு, ரத்தத்தைத் திருப்பி அனுப்ப வழிவிட்டு.

எழுதினது கொஞ்சம்தான். இதை எழுதத்தான் இத்தனை நடக்க வேண்டியிருந்ததா?

ஜூலை 29, திங்கள்

அரை நாள் லீவு. ஆர்.எஸ்.புரத்தில் ஸ்கேன் எடுத்தேன்.

வயிற்றில் தடவின பசை ரொம்பக் குளிர்ச்சி. டாக்டரம்மா முதலில் நிறையப் பேசிக்கொண்டிருந்தார், எந்த ஊர், என்ன வேலை என்று. பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். திருப்பினார். எனக்குப் படிக்கத் தெரியாத படம்தான். ஆனால் பாளையங்கோட்டையில் அம்மாவுடையதைப் பார்த்திருக்கிறேன்.

வழியில் மளிகை வாங்கினேன். துவரம்பருப்பு, ரவை, சோப்பு.

ஜூலை 30, செவ்வாய்

அக்காவிடம் சொன்னேன்.  அவள் பின்னால் யாரோ மணியார்டர் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இருந்துச்சா?"

"இருக்கு. இன்னும் வேலை செய்யுது. பாதிக்குமேல செய்யுதாம். பிரஷரை அடக்கி வெச்சா ரொம்ப வருஷம் தள்ளலாம்னு டாக்டர் சொல்றாங்க. முன்னாடியே வந்திருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்னாங்க."

"நான் கெளம்பி வாரேன்."

"இப்ப வேண்டாங்க்கா. இங்க வேலை..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடுட்டி," என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "சாயங்காலம் பஸ் ஏறுதேன்."

சரி என்றேன்.

ஆகஸ்ட் 3, சனி

அக்கா என் அடுக்களையில் உப்பு ஜாடியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். எனக்கு எட்டாது. நாங்கள் இருவரும் அதற்காக ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கினேன்.

புதுப் பதிப்பு சோதனையில் இருக்கிறது. பிரிட்டோ வேண்டுமென்றே விதவிதமான தப்பு மேப்பிங்கை உள்ளே தள்ளுகிறான், சின்னப்பையன் எறும்புப் புற்றைக் கிளறுவது மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பதிவு மறுக்கிறது. பம்பு ஓடுகிறது. பக்கெட்டும் திரையும் ஒரே எண்ணைச் சொல்கின்றன. சார் தினமும் வந்து பக்கெட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

உடுமலையில் இருந்தேன். புதுப் பதிப்போடு எங்கள் இயந்திரம் முதல் முறையாக ஓடுகிற நாள்.

பாப்பாத்தி அக்கா வேறு இயந்திரத்தில் போட்டுக்கொள்ளலாம், கட்டாயமில்லை என்று ஹசீனா மூன்று தரம் சொன்னாளாம். "அந்த மிஷின் மூளையப் பாக்கற புள்ள பக்கத்துல உக்காருதுன்னா போடு," என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். இடது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. கடையைச் சின்னராசு பார்த்துக்கொள்கிறாராம். ரெட்மிக்கும் ரியல்மிக்கும் வித்தியாசம் தெரியாமல் கவரை மாற்றிக் கொடுக்கிறார் என்று குறை.

ஊசி போட்டு, பம்பு சுற்ற ஆரம்பித்ததும் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஹசீனா என் மாத்திரையைப் போட்டாயிற்றா என்று சைகையில் கேட்டாள். தலையாட்டினேன்.

"உனக்கு என்ன மாத்திரை?" என்றார் பாப்பாத்தி அக்கா.

சொன்னேன். அம்மாவையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அக்காவைத் தவிர யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்குத்தான் இந்த மிஷினை இப்படிக் கட்டிப் புடிச்சுட்டு அழுகறயா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க்கா."

"செரி. இல்லீன்னே வெச்சுக்குவோம்."

சிகிச்சை பாதி தாண்டியிருக்கும். அவர் சீட்டுக்கம்பெனிக்காரர் ஒருவரைப் பற்றி ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்தின் தலையில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

 ஹசீனா மூன்றாவது கட்டிலிலிருந்து ஓடி வந்து கைப்பிடியில் கை வைத்தாள். பதிவைத் திறந்து பார்த்தேன். எதிர்பாராத மேப்பிங், இந்தப் பதிவு மறுக்கப்பட்டது. பக்க இணைப்பை நாங்கள் அணைத்து வைத்திருக்கிறோம். அதனால் இது பழையது இல்லை. நானும் பிரிட்டோவும் நினைத்தே பார்க்காத வேறு எதுவோ. எடுத்த நீரின் அளவைப் பார்த்தேன். சரி. பம்பின் எண்ணோடு ஒத்துப் பார்த்தேன். சரி. ஹசீனா பிரஷர் பார்த்தாள். சரி. அவள் கைப்பிடியை விடவில்லை, ஆனால் சுற்றவும் இல்லை.

"நின்னுபோச்சா கண்ணு?"

"இல்லீங்க்கா. ஓடுது."

"அப்பறம் எதுக்கு லைட்டு?"

"அதுக்குப் புரியாதது என்னமோ வந்திருக்கு. அதை மட்டும் தொடாம வெச்சுட்டு எங்கிட்டச் சொல்லுது."

"உனக்குப் புரியுதா?"

"இன்னும் இல்லீங்க்கா."

அவர் தலையைத் திருப்பிப் பம்பை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"செரி, நிதானமாப் பாரு. நான் எங்க போகப் போறேன்."